முகூர்த்தம் இல்லாத மாதங்களின் கேலரி

தம்பி,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நம் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசைமேல் காகிதத்தைப் பரப்பி, நின்றுகொண்டே எழுதுகிறேன். நாலு வரி எழுதுகிறேன், ஜன்னல் வரை நடக்கிறேன், திரும்பி வந்து எழுதினதைப் படித்தால் எனக்கே கோபம் வருகிறது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் இன்று காலையில்தான் முடிந்தது. எவ்வளவு கழுவிவிட்டும் தரையில் சாம்பார் வாசம் போகவில்லை. அலங்காரக்காரர்கள் மேடையில் தெர்மாகோல் அன்னப்பறவைகளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அப்பா அவர்கள் பின்னாலேயே போய், எங்காவது ஆணி அடித்துவிட்டார்களா என்று சுவரைத் தடவிப் பார்க்கிறார். ஆடி பிறக்கப் போகிறது. ஊரெல்லாம் மண்டபங்களைப் பூட்டுகிற நேரத்தில்தான் நம் மண்டபத்தில் ஓவிய கேலரி திறக்கும். அதற்குள் நான் உனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நீ கேட்டது ஒரு கையெழுத்து. சென்னை அறக்கட்டளைக்காரர்கள் மண்டபத்தை நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொள்வார்கள், கல்யாணங்கள் நின்றுவிடும், சுவரெல்லாம் வெள்ளையாகும், ஏசி வரும், வருஷம் முழுக்க கேலரி நடக்கும், அதற்கு நீ இயக்குநர். நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்தில் உனக்கு வேலை காத்திருக்கிறது, கிளம்பிவிடுவாய். இதைச் சொன்னாய், நான் கத்தினேன், நீ பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். இன்னும் அங்கேயே இருக்கிறாய். ரயிலேறினால் கண் அசருவதற்குள் வந்துவிடுகிற தூரம். நீயும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிடிவாதத்தில் நீ அசல் என் பிள்ளை.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் மாவட்டத்து ஓவியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். வீட்டு விஷயத்தை வீதிக்கு இழுக்கிறாள் என்று உன் மாமா சொல்வான். சொல்லட்டும். நானும் நீயும் மூலையில் உட்கார்ந்து பேசி முடிக்க இந்த கேலரி என் நகைப்பெட்டி இல்லை. இங்கே படம் வைத்த எல்லாருக்கும் இதில் பேச்சு உண்டு. குழுவில் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பழைய கதை தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். ஓவியக் கல்லூரியில் எனக்கு ஜூனியராகப் படித்தவன் சகாயம், சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் படங்களைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய கேலரிக்குப் போனோம். அந்த அம்மாள் நல்லபடியாகத்தான் பேசினார், மோர் கொடுத்தார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ப்பக்கம் கோபுரம், தேர், காளை மாடெல்லாம் இருக்குமே, அதெல்லாம் வரையலையா?" என்று கேட்டார். சகாயம் வரைந்திருந்தது நம் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் துருப்பிடித்து நின்ற படகுகளை, பழைய இன்ஜின் ஆயிலைக் குழைத்து. நான் வரைந்திருந்தது பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் முதுகுகளை. திரும்பி வந்து முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கினதும், "அக்கா, நம்ம படத்த நாமளேதான் மாட்டிக்கணும் போலருக்கு" என்றான். "எங்கடா மாட்டுவ, உன் தலையிலயா?" என்றேன்.

அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்டபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பாதான் வழி சொன்னார். "ஆடி மாசம் மண்டபம் சும்மாதான பூட்டிக் கெடக்குது. எலிதான் ஓடுது. எலிக்கு பதுலா நீங்க ஓடுங்க. ஆனா ஒண்ணு, செவுத்துல ஒத்த ஆணி அடிக்கக் கூடாது. ஆவணியில பொண்ணு வூட்டுக்காரன் வந்து ஓட்டையப் பாத்தான்னா என்னத்தான் அடிப்பான்." நம் கேலரிக்குச் சட்டதிட்டம் என்று இருந்தது அவ்வளவுதான். ஆடியிலும் மார்கழியிலும் திறக்கலாம். ஆணி அடிக்கக் கூடாது. முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாம் இறங்கிவிட வேண்டும்.

இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது படம் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்சரம் தொங்கவிடுகிற கொக்கிகள் மேலே இருந்தன, அவற்றில் கயிறு கட்டினோம். சாப்பாட்டு மேசைகளை நிமிர்த்திச் சுவர் மாதிரி நிறுத்தினோம். மணமகன் அறையில் வீடியோ ஓடியது. மணமகள் அறையின் கண்ணாடியில் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகளை யாரும் எடுக்கக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன், அதுவே பார்க்க நன்றாக இருந்தது. போகப்போக இங்கே வருகிறவர்கள் இந்த இடத்துக்கென்றே வேலை செய்யத் தொடங்கினார்கள். தொங்குவது, மடிவது, சுருட்டுவது, ஒரே ராத்திரியில் பிரித்து ஆட்டோவில் ஏற்றிவிடக்கூடியது. சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைக்கிற படம் இங்கே வரவே இல்லை. கொள்கை எதுவும் இல்லை தம்பி, ஆணி இல்லை, அதனால்தான்.

முதல் ஆடியில் வாசலில் 'கண்காட்சி' என்று பேனர் கட்டினோம். நம் ஊரில் ஆடி மாதம் மண்டபத்தில் கண்காட்சி என்றால் என்ன நினைப்பார்கள்? கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். "நைட்டி எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார்கள். நைட்டி இல்லை, படம்தான் என்றதும் பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். மீதிப் பேர், வந்தது வந்தோம் என்று சுற்றிப் பார்த்தார்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் பரீட்சைப் பிள்ளைகளின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "விக்காத சரக்குக்கு இன்னாத்துக்கு இவ்ளோ லைட்டு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த அம்மாள் அடுத்த நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "த பாரு, அந்த மூணாவது முதுகு உன்னுது மாதிரியே கூனிக்கிட்டுக் குந்திருக்குது" என்று மகளிடம் காட்டினார். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. பிறகு பத்திரிகையில் வந்தது எதுவும் அந்த அளவுக்கு என்னைக் குளிர வைக்கவில்லை.

இனி சகாயத்தின் மீன் வலைக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் சண்டைக்கு எடுத்துக்கொள்வது அதைத்தானே.

நீ கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஆடி. சகாயம் கிள்ளையிலிருந்து கிழிந்த வலைகளாகக் கொண்டுவந்து ஒன்றோடொன்று முடிந்து, கூடம் முழுக்கத் தாழக் கட்டியிருந்தான். உள்ளே வருகிறவர்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி வந்தாலும் குனிந்துதான். அவன் ஆசைப்பட்டதே அதுதான். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். கிறிஸ்தவர்களுக்கு ஆடி, மார்கழி கணக்கு கிடையாது என்றாலும், இந்துச் சொந்தமும் அக்கம்பக்கமும் முகம் சுளிக்கக் கூடாதென்று முதுநகரில் பலர் ஆடியைத் தள்ளித்தான் வைப்பார்கள். அந்த வருஷம் ஒரு கிறிஸ்தவப் பெண்வீட்டுக்காரர் மட்டும் தள்ளவில்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, லீவு அப்போதுதான். "ஆகஸ்ட் மொத வாரம்" என்று உன் அப்பாவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். உன் அப்பாவும் தலையை ஆட்டியிருக்கிறார். அவர் மூளையில் ஆகஸ்ட் என்றால் ஆவணி. ஆவணி பிறப்பது ஆகஸ்டின் நடுவில் என்று வாழ்நாள் முழுக்க மண்டபம் நடத்தின மனிதருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. கேலரிக்குத் தமிழ் மாதம், கல்யாணத்துக்கு இங்கிலீஷ் மாதம் என்று இரண்டு காலண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு அலைகிறவருக்கு வரக்கூடிய தப்புதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மினி லாரியில் அலங்காரச் சாமான் வந்து இறங்கியது. பின்னாலேயே பெண்ணின் அப்பா. வாசற்படியில் நின்று பார்த்தவர் முகம் சிவந்துபோனது. "இன்னா சார் இது? என் பொண்ணு தலையக் குனிஞ்சிக்கினு வரணுமா? அறுத்துப் போடுங்க" என்றார். நான் வலைக்கு முன்னால் போய் நின்றேன். "என்னைத் தாண்டி அறுங்க பாக்கலாம்" என்றேன். சகாயத்துக்குப் போன் போட்டால் டவர் கிடைக்கவில்லை. உன் அப்பா நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு கும்பிடு, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். அப்போது நீதான் கொக்கிகளை அண்ணாந்து பார்த்தாய். "யாரும் எதையும் அறுக்க வேணாம், மேல தூக்கிடலாம். கயிறு இருக்கில்ல?" என்றாய். நீயும் அலங்காரப் பையன்களும் ஏணி போட்டு, மூலை மூலையாக இழுத்து, விளக்கு ஏற்றுவதற்குள் வலை முழுவதையும் கூரையோடு கூரையாக ஏற்றிவிட்டீர்கள். ஏற்றும்போது ஒரு மூலை கிழிந்தது. மறுநாள் குழம்பும் தெறித்தது. மறுக்கவில்லை.

மறுநாள் சர்ச்சிலிருந்து பெண் மாப்பிள்ளை வந்து, பிரியாணிப் பந்தி நடக்கும்போதுதான் சகாயம் வந்து சேர்ந்தான். தன் வலை எங்கோ உயரத்தில் தொங்குவதைப் பார்த்தான். என்னைத் திட்டினான், உன்னைத் திட்டினான், உன் அப்பா வைத்த இலையைத் தள்ளினான். பந்தியில் துறைமுகத்து ஆட்கள் ஜாஸ்தி. அவர்கள் சாப்பிட்டபடியே அண்ணாந்து பார்த்து, எந்த வலை எந்தப் படகினுடையது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் தம்பி படகு வலை என்று ஒரு துண்டைக் காட்டிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அந்தத் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதவர். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் கைவைத்தார். சகாயம் இதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, தள்ளிவிட்ட இலையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். கை கழுவும்போது என்னிடம், "மேலயே இருக்கட்டும்க்கா. எறக்க வேணாம்" என்றான். மீதி ஆடி முழுக்க அது மேலேயே இருந்தது.

இதை நான் சொன்னால் உனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஒரு ஆர்ட்டிஸ்ட்டோட வேலைய அவர் இல்லாதப்போ நாம மாத்தினோம். அவருக்குப் பெரிய மனசு, சும்மா விட்டுட்டாரு. அது நம்ம பெருமையில்லம்மா, அவுரு பெருமை" என்கிறாய். போன மாதம் அறக்கட்டளை மேடத்தின் முன்னாலேயே சொன்னாய். கூடவே கலைவாணியையும் இழுத்தாய். சிதம்பரத்துப் பெண், கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர்களின் பின்பக்கத்து வெள்ளையில் கரியால் வரைந்தவள். அவள் சுருட்டி வைத்திருந்த படங்களை, தை முகூர்த்த அவசரத்தில், பந்தல்காரர்கள் பழைய பேனர் என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகைமேல் அவை கிடப்பது தெரிவதற்குள் மழை பெய்து கரியெல்லாம் போய்விட்டது. கலைவாணி அழவில்லை. "உங்களுக்குக் கல்யாணந்தான் மொதல்ல, நாங்க அப்புறந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று அவள் படங்கள் எங்கெங்கோ நாடுகளில் தொங்குகின்றன. என் போனை அவள் எடுப்பதில்லை. நான் விடுவதும் இல்லை.

நீ சொல்வது நியாயம். கலைவாணி விஷயத்தில் முழு நியாயம். சகாயம் இன்றைக்கும் சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறான், நம்மால் அவன் வாழ்க்கை மாறிவிடவில்லை, அதுவும் நியாயம். "ரெண்டு மாசம் தொறந்து பத்து மாசம் மூடறது கேலரி இல்லம்மா, லீவு விளையாட்டு" என்றாயே, அதுதான் வலித்தது. வலித்ததால் அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நைட்டி வாங்க வந்தவளும், பிரியாணி சாப்பிட வந்தவனும், படம் பார்க்க வராதவர்கள். அவர்கள்தான் எங்களுக்குப் பார்வையாளர்கள். சென்னையில் இருக்கிற மாதிரி ஒரு கேலரி, ஏசியோடு, முதுநகரில் வந்தால் அந்த மீன் கூடை அம்மாள் கண்ணாடிக் கதவைத் தள்ளுவாரா? கூடையை எங்கே இறக்கி வைப்பார்? இதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை. அவர் 'அவுட்ரீச்' என்று ஒரு வார்த்தை சொன்னார், ஜனங்களைத் தேடிப் போய்க் கூட்டிவருவதாம்.

உன் அப்பாவையும் கொஞ்சம் நினைத்துப் பார். "கல்யாணம் நடந்தா சோறு, காட்சி நடந்தா பேரு. ரெண்டும் வேணும்டா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீ வரைபடத்தை விரித்தபோது சமையற்கட்டு இருந்த இடத்தில் காபி ஷாப் இருந்தது. அவர் எழுந்து போய் அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்: "மணமகள் அறைய உனக்கு பெட்ரூம் ஆக்கிடலாம்மா. வெஸ்டர்ன் டாய்லெட், பிடிச்சிக்க கம்பி, எல்லாம் போட்டிருக்கேன் பாரு. நீ மாடி வீட்டுக்குப் படியே ஏற வேணாம்." மேடம் உடனே, என் முதல் காட்சியை அப்படியே மறுபடி அமைத்து, கயிறும் கொக்கியுமாகக் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்றார். உயிரோடு இருக்கிறவளுக்குக் கருமாதி பண்ணுகிறீர்களா என்று நான் கத்தினது அப்போதுதான். அந்த அம்மாள் பயந்துபோனார், பாவம். அவர் கெட்டவர் இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக நடந்தேன். பிள்ளையைத் துரத்திவிட்டு யாருக்காக கேலரி என்று ஒரு பக்கம். ஜெர்மனிக்குப் போய்விட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்தால் அதிகம் என்று ஒரு பக்கம். கடைசியில் தோற்றுப்போனேன். சரி, போடுகிறேன் கையெழுத்து, பிள்ளை பக்கத்தில் இருந்தால் போதும் என்று முடிவு செய்து, உன் அப்பாவிடம் கூடச் சொல்லாமல் போன வாரம் சிதம்பரம் ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன், "சரிடா, உன் இஷ்டம்" என்று. அதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வடிந்து, தேர் ஓடின வீதியில் கடைக்காரர்கள் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ வீதியில் உனக்குப் பிடிக்குமே என்று கத்தரிக்காய் கொத்சு வாங்கிக்கொண்டேன். உன் மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஜன்னல் வழியாக உன் குரல் கேட்டது. அந்த ஜெர்மன் அருங்காட்சியகத்தைப் பற்றி மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அங்கே கிடங்கில் யாரும் திறந்து பார்க்காத பெட்டிகள் இருக்கின்றனவாம், நம் கடற்கரையிலிருந்து எப்போதோ போன துணிகள் அவற்றில் இருக்கின்றனவாம், அவற்றைத் திறந்து பார்க்கிற வேலையே உனக்குத்தானாம். "நெனச்சா தூக்கமே வரல மாமா" என்றாய். அந்தக் குரலை நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை. நம் மண்டபத்தைப் பற்றி, இயக்குநர் வேலையைப் பற்றி என்னிடம் பேசினபோது அந்தக் குரலில் நீ பேசவே இல்லை. உன் மாமா, "அப்புறம் இன்னாத்துக்குடா கடலூரக் கட்டிக்கினு அழற?" என்று கேட்டான். "அம்மா ஏணிலேந்து விழுந்தாங்களே, அன்னிக்கு நான் பெங்களூர்ல இருந்தேன். அவுங்கள யாரு பாத்துக்கறது?" என்றாய்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கொத்சைப் பஸ் ஸ்டாண்டில் யாருக்கோ கொடுத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். நீ கேலரிக்காக வரவில்லை தம்பி. அன்று விழுந்ததில் அடிபட்ட என் முழங்காலுக்காக வருகிறாய். சும்மா வந்தால் நான் துரத்திவிடுவேன் என்று தெரிந்து, ஒரு அறக்கட்டளை, ஒரு வரைபடம், ஒரு பதவி எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறாய். மார்கழியில் கயிறு கட்டும்போது நான் விழுந்தேன், மாசியில் நீ இந்தப் பேச்சை ஆரம்பித்தாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. உன் அன்பு எனக்குப் புரியாமல் இல்லை. உச்சி குளிர்ந்துபோனேன், உண்மை. அதே நேரம் கோபமும் வந்தது. உன் முப்பது வயதை என் காலடியில் போட நான் கேட்டேனா?

நேற்று மேடத்துக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ ஏதாவது பேசி என்னை மடக்கியிருப்பாய், பேச்சில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். மேடம் மரியாதையாகத்தான் பேசினார், "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். நீ சொன்ன நியாயத்தில் நான் கேட்டு நடக்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது, அதைச் செய்திருக்கிறேன். மாடியில் உன் படிப்பறையைக் காலி செய்து, படங்களைப் பத்திரமாக வைக்கிற அறையாக்கச் சொல்லிவிட்டேன். பூட்டு உண்டு, சாவி சகாயத்தின் மகளிடம். பந்தல்காரன் கை அங்கே நுழையாது. படத்தைச் செய்தவர் வராமல் இனி இங்கே ஒரு கயிறுகூட அவிழாது. ஏணி ஏற நம்ம குழுவில் இளவட்டங்கள் இருக்கிறார்கள். நான் கீழே நின்று திட்டுவேன், அது போதும். உன் அப்பாவும் இனிமேல் இங்கிலீஷ் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் தேதியும் கேட்கிறார். கல்யாண வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள்.

கோபப்படு. என்மேல் எவ்வளவு ஜாஸ்தியாக வேண்டுமானாலும் கோபப்படு. ஆனால் அந்தப் பெட்டிகளைத் திற. அங்கே பெரிய கட்டடமாக இருக்கும், அமைதியாக இருக்கும், எல்லாரும் மெல்லப் பேசுவார்கள். அதில் மயங்கிவிடாதே. மழைக்கு ஒதுங்கினவன், பாத்ரூம் தேடி வந்தவள், பிள்ளையைத் தூங்க வைக்க நடக்கிறவள், இவர்கள் எந்தப் படத்தின் முன்னால் நிற்கிறார்கள் என்று பார். நின்றால் அவர்களிடம் போய்ப் பேசு, அந்த ஊர்ப் பாஷை அரைகுறையாக வந்தாலும் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தத் துணிகளை முதலில் நெய்தவர்கள் யாரென்று கிடங்கில் ஒரு சீட்டுகூட இருக்காது. இல்லையே என்று ஒருவனாவது அங்கே உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாமா, அதற்குத்தான் உன்னை அனுப்புகிறேன். என் முழங்காலை நினைத்து ராத்திரியில் போன் செய்யாதே. செய்தால் எடுப்பேன், அது வேறு.

உன் அப்பா வந்து நிற்கிறார். எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். "அவன் எப்பக் கெளம்பறான்னு கேளு" என்றார், அவ்வளவுதான். அதனால் கேட்கிறேன். டிக்கெட் போடும்போது ஒன்று மட்டும் எனக்காகச் செய். ஆடியில் கிளம்பாதே. நாள் கிழமை பார்த்துச் சொல்லவில்லை, அதையெல்லாம் நான் என்றைக்குப் பார்த்தேன்? ஆடி முழுக்க இங்கே வாசலில் நான் நின்றாக வேண்டும், உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு வர முடியாது. வராமல் இருக்கவும் என்னால் முடியாது.

அம்மா